ஃபில் வேர்ட் 0-இல் இருக்கட்டுமா, 3-க்கு மாற்றவா? 8 கிகாபிட்டுக்கு ஏறியதிலிருந்து பிழை எண்ணி (கவுன்டர்) நிற்கவில்லை

அக்கராயன்குளம்
செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தின் சேர்வர் அறையை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். கொழும்பில் யாரோ கழித்துவிட்ட, சேர்வர்களைச் சேமிப்பகத்தோடு இணைக்கும் இரண்டு 8 கிகாபிட் புரோக்கேட் ஃபைபர் சேனல் சுவிட்சுகள், ஒரு சேமிப்பகப் பெட்டி, மூன்று சேர்வர்கள், பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பேக்கப் சேர்வர். இவ்வளவுதான் எங்கள் ராச்சியம்.

போன வாரம் வரை சேர்வர்களில் 4 கிகாபிட் எச்பிஏ (ஃபைபர் சேனல் இணைப்பு) அட்டைகள் இருந்தன. ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கிலும் 8 கிகாபிட் அட்டைகளைப் போட்டேன். அன்றிரவே பேக்கப் பாதியில் நின்றது, நேற்றும் நின்றது. ‘போர்ட் ஸ்டேட்ஸ் ஷோ’ கொடுத்துப் பார்த்தால் ‘ஈஆர் பேட் ஓஎஸ்’ என்ற எண்ணி கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. ஒரு போர்ட்டில் மட்டுமல்ல, 8-இல் ஓடும் எல்லாப் போர்ட்டிலும்.

தேடிப் பார்த்ததில் ‘ஃபில் வேர்ட்’ அமைப்பை மாற்றச் சொல்கிறார்கள். சிலர் 1 என்கிறார்கள், பலர் 3 என்கிறார்கள். எங்களிடம் இப்போது 0. ஓடுகிற சுவிட்சில் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

இன்னொரு தலைவலி: எண்ணியின் பெயரைப் பார்த்த மேலதிகாரி, ‘ஓஎஸ் பேட் என்று அதுவே சொல்கிறதே, சேர்வரில் ஓஎஸ்ஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போடு’ என்கிறார்.

(இந்தக் கருத்துக்களத்தில் தமிழ் எழுத்து மட்டும் என்பதால் கட்டளைகளை ஒலிபெயர்த்திருக்கிறேன். சுவிட்சில் அடிக்கும்போது சேர்த்து, ஆங்கிலத்தில்.)

கச்சான்கடை
செவ்வாய், இரவு 9.52

3 போடுங்கள், போய்ப் படுங்கள். வவுனியாவில் இதே கூத்து நடந்தது. 3 போட்டதும் எண்ணி செத்துவிட்டது.

மேலதிகாரியிடம் சொல்லுங்கள்: அந்த ஓஎஸ் ‘ஆர்டர்ட் செட்’, இணைப்பில் ஓடும் குறிச்சொல். விண்டோசும் இல்லை, லினக்சும் இல்லை.

பாலியாறு
செவ்வாய், இரவு 10.35

தங்கச்சி, இரவில் ஒன்றும் மாற்ற வேண்டாம். அந்தக் கட்டளை கொடுத்த கணமே போர்ட் விழுந்து எழும்பும். பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால் மூன்றாவது நாளும் நிற்கும், நீங்கள் அதற்கும் ஃபில் வேர்ட்டைத்தான் குறை சொல்வீர்கள்.

என்ன மாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு மாற்றினால் பயம் இருக்காது. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஃபைபர் சேனல் இணைப்பில் மௌனம் என்பதே கிடையாது. அனுப்ப ஃபிரேம் (தரவுப் பொதி) இல்லாத வேளையிலும் இரண்டு முனைகளும் எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குகிற முனை தாளத்தைத் தவறவிடும். ஒத்திசைவு 100 மில்லி செக்கனுக்கு மேல் தொலைந்தால் இணைப்பு விழுந்தது என்றே கணக்கு. வயலில் இரவுக் காவல் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பன்றியோ யானையோ வராத நேரத்திலும் ஒரு பரணிலிருந்து அடுத்த பரணுக்குக் கூவிக்கொண்டே இருப்பார்கள். கூவலில் செய்தி ஒன்றும் இல்லை, ‘விழித்திருக்கிறேன்’ என்பதைத் தவிர. ஃபில் வேர்ட் அந்தக் கூவல்.

1, 2, 4 கிகாபிட் காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரிக் கூவினார்கள். அதன் பெயர் ஐடில். நான்கு எழுத்துகள் கொண்ட சொல்: கே28.5, டி21.4, பிறகு டி21.5 இரண்டு தடவை. அந்த டி21.5-ஐப் பத்துப் பிட்டாக விரித்துப் பாருங்கள்: 1010101010. ஒன்றும் சுழியும் மாறி மாறி. 8 கிகாபிட் இணைப்பின் உண்மையான வேகம் செக்கனுக்கு 8.5 கிகா பிட். அதில் இந்தக் கோலம் 4.25 கிகாஹேர்ட்ஸ் சதுர அலையாகிறது. வேலையில்லாத இணைப்பு ஒரு சின்ன வானொலி நிலையம் போல மின்காந்த இரைச்சலைக் கக்கும். ஆகவே 8-க்கான தரம் எழுதியபோது கூவலை மாற்றினார்கள். புதியது ஆர்ப் எஃப்எஃப்: கே28.5, டி20.4, டி31.7 இரண்டு. பிட்டுகள் கலைந்து வருவதால் இரைச்சல் ஓரிடத்தில் குவிவதில்லை.

இப்போது நீங்கள் கேட்ட எண்கள். இணைப்பு எழும்பும்போது ஒரு சடங்கு உண்டு. ஒரு முனை ஓஎல்எஸ் சொல்லும், மற்றது எல்ஆர் சொல்லும், அதற்கு எல்ஆர்ஆர் பதில், அதன்பின் ஐடில், அதற்குப் பிறகுதான் இணைப்பு உயிருடன் இருப்பதாகக் கணக்கு. சடங்கின் முடிவில் எதைச் சொல்வது, உயிர் வந்தபின் எதைச் சொல்வது என்பவைதான் இந்த அமைப்பின் இரண்டு பாதிகள்.

முறை 0: இரண்டிலும் ஐடில்.
முறை 1: இரண்டிலும் ஆர்ப்.
முறை 2: சடங்கில் ஐடில், பிறகு ஆர்ப்.
முறை 3: முதலில் 1-ஐ முயலும், இணைப்பு எழும்பாவிட்டால் 2-க்கு இறங்கும்.

உங்கள் சுவிட்ச் 0-இல் ஐடிலை எதிர்பார்த்து நிற்கிறது. புதிய அட்டை ஆர்ப் எஃப்எஃப் என்று கூவுகிறது. பக்கத்துப் பரணில் கேட்டறியாத குரல். ஒவ்வொரு தடவையும் எண்ணி ஒன்று கூடுகிறது. தரவுக்கு அதனால் சேதம் இல்லை.

சேதம் இல்லை என்பதால்தான் ஒன்று கேட்கிறேன். பேக்கப் ஏன் நிற்கிறது? எல்லா எண்ணிகளையும் சுழியாக்கிவிட்டு, அரை மணி நேரம் கழித்து ‘போர்ட் எர்ர் ஷோ’ அட்டவணையை இங்கே எழுதுங்கள். ஃபர்ம்வேர் பதிப்பையும்.

நெடுங்கேணி நிரலர்
செவ்வாய், இரவு 11.10

பாலியாறு அண்ணை சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஃபைபர் சேனலின் எஃப்சி-எஃப்எஸ்-3 தரம் சொல்வது முறை 2. சடங்கில் ஐடில், பிறகு ஆர்ப். தரம் இருக்கும்போது ‘முதலில் இதை முயன்று பார், சரிவராவிட்டால் அது’ என்ற 3 எதற்கு? கதவு எது என்று தெரிந்த வீட்டில் சுவரைத் தட்டிப் பார்ப்பதா? 2 போடுங்கள் அக்கா.

கச்சான்கடை
செவ்வாய், இரவு 11.14

தரம் சொல்வது வேறு, பெட்டிகள் கேட்பது வேறு தம்பி. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் பஸ் நிற்க வேண்டும் என்று எந்த அட்டவணையிலும் இல்லை. நிற்காமல் போன பஸ் உண்டா?

பாலியாறு
புதன், காலை 6.20

நிரலர் தம்பி சொல்வது நியாயம்தான். ஆனால் தரம் எழுதி முடிவதற்கு முன்பே 8 கிகாபிட் அட்டைகள் சந்தைக்கு வந்துவிட்டன. சில, சடங்கிலேயே ஆர்ப் எதிர்பார்த்தன. சில, ஐடில் எதிர்பார்த்தன. புரோக்கேட் சுவிட்சுகளில் முதலில் 0, 1 என்ற இரண்டு முறைகள்தான் இருந்தன. 2-உம் 3-உம் ஃபர்ம்வேர் 6.3.1-இல் சேர்ந்தவை. கலப்படமான ஊரில் 3 வசதி. சேமிப்பகத் தயாரிப்பாளரின் ஆவணம் 2 என்று திட்டமாகச் சொன்னால் 2 போடுங்கள். இது போர்ட்டுக்குப் போர்ட் வேறுபடலாம், சுவிட்சுக்கு ஒன்று என்ற கட்டாயம் இல்லை.

1-ஐ மட்டும் தவிர்ப்பேன். சடங்கில் ஐடில் கேட்கிற பெட்டி கிடைத்தால் போர்ட் எழும்பவே எழும்பாது, இறங்க வேறு வழியும் அதற்கு இல்லை.

இந்தச் சண்டை முழுவதும் 8 கிகாபிட்டுக்கு மட்டும்தான். 4-இலும் அதற்குக் கீழும் என்ன முறை போட்டாலும் ஐடில்தான். 16-இல் குறியாக்கமே 64பி/66பி என்று மாறிவிட்டதால் இந்தக் கேள்வியே எழாது. சிஸ்கோ சுவிட்ச் வைத்திருப்பவர்கள் ‘ஃபில் பேட்டர்ன்’ என்ற கட்டளையைத் தேடுங்கள். அங்கும் 8000 என்று வேகத்தைக் கூடவே சொல்ல வேண்டியிருக்கும். காரணம் இதுவே.

அக்கராயன்குளம்
புதன், பகல் 11.05

அண்ணை, கேட்டபடி செய்தேன். ஃபர்ம்வேர் 6.4. சுழியாக்கி முப்பத்தைந்து நிமிடம் விட்டேன். அதற்குள் பேக்கப் சேர்வரில் ஒரு பெரிய கோப்பையும் பிரதி எடுத்தேன், போர்ட் சும்மா இருக்கக் கூடாது என்று.

போர்ட் 0, 1, 2 (சேர்வர்கள்): பேட் ஓஎஸ் கோடிக்கணக்கில். என்க் இன் 0, என்க் அவுட் 0, சிஆர்சி 0.
போர்ட் 4 (சேமிப்பகம்): அதுவும் அப்படியே.
போர்ட் 7 (பக்கத்துக் கட்டடத்துப் பேக்கப் சேர்வர்): பேட் ஓஎஸ் கோடிக்கணக்கில். என்க் இன் 212, என்க் அவுட் 9,000-க்கு மேல், சிஆர்சி 61, சிஆர்சி ஜிஇஓஎஃப் 61.

இரண்டாவது சுவிட்சில் போர்ட் 7 இல்லை. பேக்கப் சேர்வருக்கு ஒரே ஒரு கேபிள்தான்.

பாலியாறு
புதன், பகல் 12.40

இதற்காகத்தான் கேட்டேன். உங்களிடம் இருப்பது இரண்டு நோய். இரண்டும் ஒரே ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் ஒன்று என்று நினைத்துவிட்டீர்கள்.

ஆர்ப் எஃப்எஃப் என்பது ஒழுங்கான எழுத்துகளால் ஆன சொல். சுவிட்ச் அதை எதிர்பார்க்காவிட்டாலும் எழுத்துகளைப் படிக்கத் தடையில்லை. ஆகவே ஃபில் வேர்ட் பொருத்தமின்மை பேட் ஓஎஸ் எண்ணியை மட்டுமே ஏற்றும். போர்ட் 0, 1, 2, 4 அதற்குச் சாட்சி: கோடிக்கணக்கில் பேட் ஓஎஸ், மற்றவை எல்லாம் சுழி. என்க் என்பது எழுத்தே சிதைந்து வந்தது என்ற முறைப்பாடு. என்க் இன் ஃபிரேமுக்குள், என்க் அவுட் ஃபிரேம்களுக்கு வெளியே. அது ஃபில் வேர்ட்டால் வராது, பாதையால் வரும்.

சிஆர்சி என்பது ஃபிரேமின் உடல் கெட்டு வந்ததைக் காட்டும் எண்ணி, சிஆர்சி ஜிஇஓஎஃப் என்பது அவற்றில் வால் நன்றாக வந்தவை. இரண்டும் ஒரே 61 என்பது இன்னும் நல்ல துப்பு. வேறெங்கோ கெட்ட ஃபிரேம் வழியில் இந்த போர்ட்டுக்கு வந்திருந்தால் அதன் வால் ஏற்கெனவே ‘கெட்டது’ என்று குறிக்கப்பட்டிருக்கும். வால் நன்றாக, உடல் கெட்டு வந்தால், கெட்ட இடம் இந்த இணைப்புத்தான். பிழையைப் பதிவது வாங்குகிற பக்கம் என்பதால், பேக்கப் சேர்வரிலிருந்து சுவிட்சுக்கு வரும் ஒளி, அந்த முனையின் எஸ்எஃப்பி (ஒளியை அனுப்பி வாங்கும் சொருகி), இடையிலுள்ள இழை, இதற்குள் தேட வேண்டும்.

ஃபில் வேர்ட்டை மாற்றுங்கள், அது வேண்டியதுதான். அந்தக் கோடிகளின் இரைச்சல் போனால்தான் மற்ற எண்ணிகளைப் பார்க்க மனம் வரும். ஆனால் பேக்கப் அதனால் சுகமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

செய்யும் ஒழுங்கு: முதலில் அமைப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சேர்வரிலும் சேமிப்பகத்துக்கு இரண்டு பாதையும் உயிரோடு இருப்பதைப் பாருங்கள். பிறகு ஒரு சுவிட்ச், அதிலும் ஒரு நேரத்தில் ஒரு போர்ட். பாதை திரும்பி வந்ததைக் கண்ட பிறகே அடுத்தது. முதல் சுவிட்ச் முழுதும் முடிந்து ஒரு நாளாவது போகட்டும், பிறகு இரண்டாவது. இரண்டு சுவிட்சையும் இரண்டு சாளரத்தில் திறந்து வைத்து, ஒரே கட்டளையை இரண்டிலும் ஒட்டி எல்லாத் தரவுத்தளத்தையும் விழுத்திய ஒருவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில்தான் பார்ப்பேன்.

முத்தையன்கட்டு
புதன், பகல் 1.15

பாதையில் குறை என்றால் முதலில் இணைப்பு முனையைத் துடையுங்கள் தங்கச்சி. எங்கள் சிவப்பு மண் தூசி எங்கும் புகும். எல்சி முனையின் நடுவில் ஒளி போகும் கருவின் விட்டம் 50 மைக்ரான், தலைமயிரை விடச் சிறியது. மண் துணிக்கை ஒன்று போதும். சட்டைத் துணியால் துடைக்க வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். துடைப்பதற்கென்றே விற்கும் பேனா மாதிரிக் கருவி இருக்கிறது. ‘எஸ்எஃப்பி ஷோ’ கொடுத்து வரும் ஒளியின் அளவையும் பாருங்கள்.

நெடுங்கேணி நிரலர்
புதன், பகல் 1.30

அக்கா, அந்தக் கேபிளின் நிறம் என்ன?

அக்கராயன்குளம்
வியாழன், மாலை 4.50

செய்தவற்றை எழுதுகிறேன்.

முதல் சுவிட்சில் ஐந்து போர்ட்டையும் ஒவ்வொன்றாக 3-க்கு மாற்றினேன். ஒவ்வொன்றும் ஓரிரு செக்கன் விழுந்து எழும்பியது. ‘போர்ட் சிஎஃப்ஜி ஷோ’ இப்போது ‘ஆன் ஆக்டிவ்’ வரியில் 3 காட்டுகிறது. எண்ணிகளைச் சுழியாக்கினேன். பேட் ஓஎஸ் அசையவில்லை. நான்கு நாள் பார்த்துப் பழகிய ஓட்டம், நின்றதும் கொஞ்சம் வெறுமையாகக்கூட இருந்தது.

கச்சான்கடை
வியாழன், மாலை 4.58

செவ்வாய்க்கிழமை 9.52-க்கே சொன்னேன்.

அக்கராயன்குளம்
வெள்ளி, காலை 7.30

கச்சான்கடை அண்ணை, பேக்கப் இரவும் நின்றது.

போர்ட் 7-இல் என்க் அவுட், சிஆர்சி இரண்டும் முன்பு போலவே ஏறுகின்றன. முனைகளைத் துடைத்தேன். சிஆர்சி கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. வரும் ஒளியின் அளவு மற்ற போர்ட்டுகளை விடச் சற்றுக் குறைவு, ஆனால் எச்சரிக்கை எல்லைக்குள் இல்லை.

நிரலர் தம்பி, கேபிள் செம்மஞ்சள். உறையில் 50/125, ஓஎம்2 என்று அச்சிட்டிருக்கிறது.

நெடுங்கேணி நிரலர்
வெள்ளி, காலை 7.41

அதுதான்! நீளம்?

அக்கராயன்குளம்
வெள்ளி, காலை 9.15

உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கிறது. சேர்வர் அறை முனையில் 112, பக்கத்துக் கட்டடத்தில் 196. மழையில் ஓரளவு நனைந்துகொண்டு போய்ப் பார்த்து வந்தேன். 84 மீட்டர்.

நெடுங்கேணி நிரலர்
வெள்ளி, காலை 9.22

ஓஎம்2 இழையில் 4 கிகாபிட்டுக்கு எல்லை 150 மீட்டர். 8 கிகாபிட்டுக்கு 50 மீட்டர். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரை 84 மீட்டர் எல்லைக்குள் இருந்தது. அட்டையை மாற்றியதும் எல்லையைத் தாண்டிவிட்டது. கேபிள் பழுதாகவில்லை. இழைக்குள் ஒளி பல பாதையில் போய்ச் சேரும் நேர வித்தியாசம் 4-க்குப் பொறுக்கக்கூடியது, பிட்டின் அகலம் பாதியானதும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. ஒளியின் அளவு சரியாக இருந்தும் எழுத்து சிதைவது அதனால்தான்.

ஓஎம்3 வாங்குங்கள் அக்கா, கடல் நீல நிறத்தில் இருக்கும். 8-இல் 150 மீட்டர் வரை போகும். கொழும்பில் சொன்னால் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள்.

பாலியாறு
வெள்ளி, காலை 10.05

நிறத்தைக் கேட்டது நல்ல கேள்வி தம்பி. எனக்கு அது தோன்றவில்லை, நான் எஸ்எஃப்பியைத்தான் சந்தேகித்தேன்.

கேபிள் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. பேக்கப் சேர்வரில் இருக்கும் டேப் எது?

அக்கராயன்குளம்
வெள்ளி, காலை 10.20

எல்டிஓ-6, ஒரு டிரைவ். சேர்வரோடு எஸ்ஏஎஸ் கேபிளில்.

பாலியாறு
வெள்ளி, காலை 10.31

எல்டிஓ-6 சுருக்காமல் எழுதும் வேகம் செக்கனுக்கு 160 மெகாபைட். 4 கிகாபிட் ஃபைபர் சேனல் தருவது சுமார் 400. மாட்டு வண்டி போகிற ஒழுங்கைக்குக் கார்ப்பெட் வீதி எதற்கு? போர்ட் 7-இன் வேகத்தை 4-இல் பூட்டுங்கள். ‘போர்ட் சிஎஃப்ஜி ஸ்பீட்’, போர்ட் எண், 4. முடிந்தது.

4-இல் ஓடும்போது அந்த போர்ட் தானாகவே ஐடிலுக்குத் திரும்பும். 3 என்ற அமைப்பு அங்கே இருந்தாலும் அதற்கு வேலை இல்லை, அழிக்கவும் தேவையில்லை.

மல்லாவி வளவு
வெள்ளி, பகல் 2.10

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் இரண்டு நகரங்களுக்கு இடையே நேரடி இழையில் சேமிப்பகப் பிரதி எடுக்கத் திட்டமிடுகிறோம். 80 கி.மீ. என்று வையுங்கள், 8 கிகாபிட். அங்கும் ஃபில் வேர்ட் பார்க்க வேண்டுமா?

பாலியாறு
வெள்ளி, இரவு 8.45

பார்க்க வேண்டும், ஆனால் வேறு கட்டளையில். ‘போர்ட் சிஎஃப்ஜி லாங் டிஸ்டன்ஸ்’ கொடுக்கும்போது தூரத்துக்கு முன்னால் 0 அல்லது 1 என்று ஒன்று கேட்கும். 1 என்றால் ஆர்ப், 0 என்றால் ஐடில். இரண்டு முனையிலும் ஒன்றே இருக்க வேண்டும். இடையில் அலைநீளப் பங்கீட்டுக் கருவி ஏதும் இருந்து அதற்கு ஆர்ப் விளங்காவிட்டால் 0.

உங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி பஃபர் கிரெடிட், அதாவது பதில் வருமுன் எத்தனை ஃபிரேம் அனுப்பலாம் என்ற ஒதுக்கீடு. 8 கிகாபிட்டில் முழு அளவு ஃபிரேம் ஒன்று அனுப்பச் சுமார் 2.5 மைக்ரோ செக்கன். இழையில் ஒளி கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ செக்கன் எடுக்கும். அதாவது ஒரு ஃபிரேம் இழைக்குள் அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும். போய் வர 160 கி.மீ., ஆகவே 320 ஃபிரேம்கள் பதில் வராத நிலையிலேயே வழியில் இருக்கலாம். கையேட்டுச் சூத்திரப்படி இன்னும் 6 கூட்டுங்கள்: 326. அவ்வளவு கிரெடிட் அந்த போர்ட்டுக்கு ஒதுக்காவிட்டால் 8 கிகாபிட் இழைக்குக் காசு கட்டி 1 கிகாபிட் வேகம் வாங்குவீர்கள். எல்டி, எல்எஸ் என்ற நீண்ட தூர முறைகளுக்கு உரிமமும் வேண்டும். களத்தில் தனித் தலைப்பு ஒன்று திறவுங்கள், எழுத நிறைய இருக்கிறது.

அக்கராயன்குளம்
திங்கள், காலை 8.20

போர்ட் 7-ஐ வெள்ளிக்கிழமை மாலை 4-இல் பூட்டினேன். மூன்று இரவும் பேக்கப் முழுதாக முடிந்தது. அந்த போர்ட்டில் என்க் இன் 0, என்க் அவுட் 0, சிஆர்சி 0. இரண்டாவது சுவிட்சையும் நேற்று 3-க்கு மாற்றிவிட்டேன், குறை ஒன்றும் இல்லை. போர்ட்டின் மேல் ஒரு துண்டு ஒட்டி ‘ஓஎம்2, 84 மீட்டர், 4-இல் பூட்டியது’ என்று எழுதியிருக்கிறேன்.

நிரலர் தம்பிக்கும் பாலியாறு அண்ணைக்கும் நன்றி. கச்சான்கடை அண்ணைக்குப் பாதி நன்றி.

மேலதிகாரி காலையிலேயே வந்து, ‘அந்த பேட் ஓஎஸ்ஸை மாற்றியாயிற்றா?’ என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன்.